உப்புக்கு ஒரு காலம், நெல்லுக்கு ஒரு காலம்

மார்கழி இரவில் இடக்கொச்சிக்குத் தென்மேற்கே, கும்பளங்கி, செல்லானம் பக்கத்து வயல்வெளிகளில் அங்கங்கே விளக்குகள் எரியும். வயல் என்று சொன்னாலும் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர்தான். வரப்பை அறுத்து அதில் மரத்தால் ஒரு மதகு பொருத்தியிருப்பார்கள். அதற்குத் தூம்பு என்று பெயர். பழந்தமிழில் இருந்துவரும் அதே சொல். காயலில் ஓதம் ஏறும் நேரம் பார்த்துத் தூம்பின் பலகையைத் தூக்கி, அதன் வாயில் ஒரு விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். ஏறிவரும் நீரோடு, அந்த வெளிச்சத்தை நோக்கி, விரல் நகத்தளவு இறால் குஞ்சுகள் வயலுக்குள் நுழைகின்றன. நீர் வற்றும்போது தூம்பில் வலை கட்டி, வளர்ந்தவற்றைப் பிடிக்கிறார்கள். இந்தத் தொழிலுக்குச் ‘செம்மீன் கெட்டு’ என்று பெயர். செம்மீன் என்றதும் நம்மவர்களுக்குத் தகழியின் நாவலும் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பும் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது இறாலைக் குறிக்கும் சொல்.

மூன்று மாதங்களுக்கு முன் இதே இடத்தில் ஆளுயர நெல் நின்றது.

ஒரே நிலத்தில் பாதி ஆண்டு நெல், பாதி ஆண்டு இறால். உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, இறாலுக்கு விலை கொடுத்து வாங்கிய தீவனமும் கிடையாது. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் ஒரு சூழலமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும். எதனால் இது இன்று நின்றுபோய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், மனிதர்கள் ஒரு சூழலமைப்பை எந்த இடத்தில் முறிக்கிறார்கள் என்பதும் தெரியும்.

இடக்கொச்சி, கொச்சி மாநகராட்சியின் தென்கோடி. பாலத்தைத் தாண்டினால் அரூர்; அது ஆலப்புழை மாவட்டம். சுற்றிலும் வேம்பநாட்டுக் காயல். இந்தக் காயலில் தெற்கிலிருந்து பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகள் வந்து சேர்கின்றன. வடக்கே பெரியாறு சேர்கிறது. கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. நாள்தோறும் இரண்டு முறை ஓதம் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு அதிகம் போனால் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர்தான் இங்குள்ள எல்லா உயிர்களுக்கும் கடிகாரம். முகத்துவாரத்துச் சீன வலைகளும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே இறங்குகின்றன.

கடிகாரத்தைப் போல ஒரு நாட்காட்டியும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பங்குனி, சித்திரையில் இடக்கொச்சிப் பக்கத்துக் காயல் நீரின் உவர்ப்பு கடல் நீரை நெருங்கும். பிறகு இடவப்பாதி வரும். இடவம் என்ற மலையாள மாதத்தின் நடுவில், அதாவது நம் வைகாசிக் கணக்கில், தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு அங்கே அப்படிப் பெயர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை காணும் ஊர் அது. ஆறுகள் பெருகி வந்து கடலை வெளியே தள்ளும். ஆனி, ஆடியில் அதே காயல் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும்.

இங்கே வாழும் உயிர் ஒவ்வொன்றும் இந்த மாற்றத்தை எதிர்பார்த்தே பிறக்கிறது. நாரன் என்று அங்கே அழைக்கப்படும் வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. ஒரு பெண் இறால் இடும் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும், ஏறும் ஓதத்தைப் பிடித்துக்கொண்டு காயலுக்குள் வருகிறது. உள்ளே சேறு, இலைமட்கு, ஒளிய இடம் எல்லாம் உண்டு. சில மாதங்கள் தின்று வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பிவிடுகிறது. ஆழ்கடலில் விசைப்படகு இழுத்துவரும் இறால் குழந்தைப் பருவத்தைக் கழித்தது கும்பளங்கியின் ஏதோ ஒரு முழங்கால் ஆழத் தண்ணீரில்தான். அரூரிலிருந்து உறைபெட்டியில் ஏறி வெளிநாடு போகும் இறாலின் கணக்கை இந்தச் சேற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆற்றுக்கொஞ்சு இதற்கு நேர்மாறு. நீலக்கால் கொண்ட அந்தப் பெரிய நன்னீர் இறால் ஆற்றில் வளர்ந்து, முட்டை பொரிக்க உவர்நீரைத் தேடி வடக்கே இறங்கிவரும். குஞ்சுகளுக்கு உப்பு வேண்டும். சற்று வளர்ந்ததும் மறுபடி ஆறேறும். ஒன்று கடலிலிருந்து உள்ளே, ஒன்று ஆற்றிலிருந்து வெளியே. இரண்டுக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1935-இல் ‘ஈகோசிஸ்டம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது வலியுறுத்தியதும் இதைத்தான். உயிர்களைத் தனியாகவும் மண், நீர், வெயில், உப்பு ஆகியவற்றை அவற்றின் பின்னணியாகவும் பார்க்கக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பு. வெயிலைப் பிடித்து உணவாக்குவது பச்சைத் தாவரமும் நீரில் மிதக்கும் நுண்பாசியும். அதைத் தின்பவை சில, தின்பவற்றைத் தின்பவை சில, செத்ததை மட்கச் செய்து மறுபடி சத்தாக்குபவை சில. பள்ளிப் பாடத்தில் படிக்கும் உணவுச் சங்கிலி இதுதான். பாடப் படத்தில் புல்லும் மானும் புலியும் பெரிதாக இருக்கும். மட்கச் செய்பவற்றுக்கு ஓரத்தில் சிறு இடம். காயலில் அந்த ஓரம்தான் நடுவீடு. இங்கே உயிர்கள் தின்பதில் பெரும்பங்கு பச்சை இலை அல்ல, செத்த இலை.

கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலை சேற்றில் விழுகிறது. அப்படியே தின்ன முடியாத அளவுக்குத் தோல் தடித்த இலை. நண்டு அதைக் கிழிக்கிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறுகின்றன. சில வாரங்களில் அது சத்து ஏறிய துகளாகிறது. இறால் குஞ்சுக்கு அதுவே சோறு. இறாலையும் சிறுமீனையும் காளாஞ்சி மீன் தின்கிறது. நீர்க்காகமும் கொக்கும் நீர்நாயும் அதற்கு மேல். கண்டலின் வேர்க்கூட்டம் அலையை மட்டுப்படுத்தி வண்டலைப் பிடித்துவைக்கிறது. பெரிய மீன் நுழைய முடியாத அதன் இடுக்கில் குஞ்சுகள் ஒளிகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடலோரத்தில் நடந்த ஆய்வு, அலையாத்தி மரங்கள் நின்ற இடங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததைப் பதிவுசெய்தது. பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கண்டல் என்ற சொல்லுக்கும் கொச்சியோடு ஒரு தொடர்பு உண்டு. டச்சுக்காரர்களின் மலபார் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் உள்ளிட்டோரின் அறிவைக்கொண்டு ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற தாவர நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த அந்த நூலில் இந்த மரங்கள் உள்ளூர்ப் பெயரிலேயே பதிவாயின. அதனால்தான் உலகத் தாவரவியலில் ஒரு மரத்துக்கு இன்றும் ‘கண்டேலியா கண்டெல்’ என்று பெயர். பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் ஒரே சொல். அந்தச் சொல் நம்முடையது.

சேற்றுக்குள் நடக்கும் இன்னொரு உறவையும் சொல்ல வேண்டும். கரிமீன் கேரளத்தின் மாநில மீன். 2010-இல் அரசு அப்படி அறிவித்தது. வாழையிலையில் பொதிந்து சுடப்பட்டுத் தட்டில் வருவதைத்தான் பலரும் அறிவார்கள். அது சேற்றில் குழி பறித்து, ஆணும் பெண்ணுமாகக் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். அதன் உறவுக்காரி பள்ளத்தி, மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஒரு சிறுமீன். கரிமீனின் செதிலில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைப் பள்ளத்தி கொத்தித் தின்று சுத்தம் செய்கிறது. சந்தர்ப்பம் வாய்த்தால் கரிமீனின் முட்டையையும் தின்றுவிடும். உதவியும் திருட்டும் ஒரே மீனிடம். இயற்கையில் ‘நல்ல’ உயிர், ‘கெட்ட’ உயிர் என்று பிரிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த அமைப்புக்குள் மனிதர்கள் நுழைந்தது இன்று நேற்றல்ல. மனிதன் கைபட்டாலே இயற்கை கெடும் என்று சிலர் பேசுவார்கள். இடக்கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி வயல் அதை மறுக்கிறது.

பொக்காளி, உப்பைத் தாங்கும் நெல். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் மட்டும் விளைவது. சித்திரை விஷு சமயத்தில் வயலின் தண்ணீரை வடித்துத் தூம்பைச் சரிசெய்கிறார்கள். சேற்றை வாரி அடுப்புக்கல் போலச் சிறுசிறு மேடுகளாகக் குவிக்கிறார்கள். இடவப்பாதி பெய்யும்போது மேட்டிலுள்ள உப்பு கரைந்து இறங்கிவிடுகிறது. அந்த உப்பு நீரை ஓதம் வற்றும் நேரத்தில் தூம்பு வழியே காயலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊறவைத்து முளைகட்டிய விதையை மேட்டின்மேல் தூவுகிறார்கள். ஒரு மாதம் கழித்து, மேட்டை நாற்றோடு சேர்த்து வெட்டிச் சுற்றிலும் பரப்புகிறார்கள். மீதியை மழை பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஏற ஏற நெல்லும் உயரும். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கதிரை மட்டும் அறுக்கிறார்கள். தாள் வயலிலேயே நிற்கும்.

அந்தத் தாள்தான் சூட்சுமம். கார்த்திகையில் உப்பு ஏறத் தொடங்கியதும் தாள் அழுகுகிறது. கண்டல் இலை செய்த வேலையை இப்போது நெல் தாள் செய்கிறது. நவம்பர் நடுவில் தூம்பு திறந்தால் உள்ளே வரும் இறால் குஞ்சுக்குப் பந்தி தயார். ஏப்ரல் நடுவில் கெட்டு முடியும். இறாலும் மீனும் விட்டுச்சென்ற கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும் நாட்களைத் ‘தக்கம்’ என்பார்கள். பிடிப்பு நடப்பது அந்தத் தக்கத்தில்தான். விவசாயி இங்கே செய்தது ஒன்றே ஒன்று: ஓதத்துக்கும் மழைக்கும் ஏற்கெனவே இருந்த நாட்காட்டியைப் படித்து, அதன் நடுவே ஒரு தூம்பை வைத்தார்.

இந்த நெல்லை உலகமே கடன் வாங்கியிருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பொக்காளியிலிருந்து வந்த வரிசைகளில்தான் ‘ஸால்டால்’ என்று பெயரிடப்பட்ட, உப்பைத் தாங்கும் மரபணுப் பகுதியை அடையாளம் கண்டார்கள். வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளுக்கான உப்புத் தாங்கும் நெல் ரகங்களை உருவாக்கும் முயற்சியில் அது பயன்படுகிறது. கொச்சி வைற்றிலாவில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆய்வு நிலையம் பொக்காளியிலிருந்தே வைற்றிலா ரகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது. 2008-ஐ ஒட்டிப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவும் இருந்தும், ஒரு காலத்தில் சுமார் 25,000 ஹெக்டேர் இருந்த பொக்காளி நிலத்தில் இன்று நெல் நடப்பது மிகச் சிறிய பகுதியில்தான்.

எங்கே முறிந்தது?

இயற்கையே இந்தக் காயலைப் புரட்டிப்போட்டிருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் சேரர்களின் முசிறியை ஒட்டிய கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தை அகலப்படுத்தியது என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாக ஏற்பது. கொச்சி என்ற துறைமுகமே ஒரு வெள்ளத்தின் பிள்ளை. ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகு தன்னைத் திருத்திக்கொள்ளக் காயலுக்கு நூற்றாண்டுகள் இருந்தன.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-இல் கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தின் வாயை அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டிக் கப்பல் வழி அமைத்தார். தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் முதன்முதலாக உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கொச்சியின் செல்வத்துக்கு அதுவே அடித்தளம். கூடவே, காயலுக்கும் கடலுக்கும் இடையிலிருந்த கதவின் அளவும் நிரந்தரமாக மாறியது.

அதைவிடப் பெரிய மாற்றம் தெற்கே நடந்தது. கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் குட்டநாட்டில் கோடைக்காலத்தில் உப்பு ஏறிப் பயிர் கெடுவதைத் தடுக்க, காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டது. இடக்கொச்சிக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், சேர்த்தலை பக்கத்துக் கரையிலிருந்து வெச்சூர் கரை வரை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1970-களின் நடுவில் செயல்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மூடுவது என்பது திட்டம். நெல் தாமதமானால் மூடியிருக்கும் நாளும் நீளும்.

நோக்கம் நியாயமானது, நெல் வேண்டும். ஆனால் உப்பு என்பது பயிருக்கு மட்டும்தான் கெடுதல். தடுப்பணைக்குத் தெற்கே உப்பு நின்றதும், அதுவரை உப்பு செய்துவந்த வேலைகள் எல்லாம் நின்றன. பிறந்த இடத்துக்கும் வளரும் இடத்துக்கும் நடுவே சுவர் எழுந்ததால் ஆற்றுக்கொஞ்சின் பிடிப்பு சரிந்தது. முட்டையிட ஓரளவு உவர்ப்பு தேவைப்படும் கறுப்புக் கக்கா என்ற சிப்பி, தெற்குப் பகுதியில் குறைந்தது. கோடை உப்பில் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரை சாகாமல் படர்ந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நீரின் மேற்பரப்பை மூடினால் உள்ளே வெயில் இறங்காது, படகு போகாது. வயலில் இட்ட உரமும் பூச்சிமருந்தும் வெளியேற வழியில்லாமல் தேங்கின. மதகு திறந்து மழையும் தொடங்கியதும் ஆகாயத்தாமரைக் கூட்டம் மொத்தமாக வடக்கே மிதந்துவந்து இடக்கொச்சி, கொச்சிப் பக்கத்து வலைகளில் மாட்டுகிறது. பிறகு உப்பு ஏறும்போது செத்து அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது. குட்டநாட்டு விவசாயிக்காகப் போட்ட கதவின் விலையில் ஒரு பங்கை இடக்கொச்சி மீனவர் கொடுக்கிறார்.

பிறந்தது கும்பகோணமானாலும் எம்.எஸ்.சுவாமிநாதனின் பூர்வீக ஊர் குட்டநாட்டு மங்கொம்பு. அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் குட்டநாட்டுக்காகத் தயாரித்த அறிக்கை, பயிர் நாட்காட்டியை ஒழுங்குபடுத்தித் தடுப்பணையையும் சீரமைக்கச் சொன்னது. நெல்லை எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் அறுத்தால் மதகை அதிக நாள் மூட வேண்டியதில்லை. தடுப்பணையின் நடுப்பகுதியில் பல பத்தாண்டுகளாக மண்கரையாகவே கிடந்த இடம் பின்னர் மதகாக்கப்பட்டது. கதவைச் சரிசெய்தாயிற்று, நாட்காட்டியைச் சரிசெய்வதுதான் இன்னும் முடியவில்லை.

காயல் சுருங்கியது இன்னொரு கதை. இடக்கொச்சிக்குக் கிழக்கே காயலுக்கு அப்பால் பனங்காட்டில் கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்களின் கணக்குப்படி, 1900-இல் சுமார் 365 சதுர கிலோமீட்டராக இருந்த வேம்பநாட்டுக் காயல் 2020-இல் சுமார் 206 சதுர கிலோமீட்டர். பரப்பைவிட ஆழம் இன்னும் மோசமாகக் குறைந்திருக்கிறது. காயல் கொள்ளும் நீரின் அளவில் 85 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. 2002-இல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலையின் நிலை இது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய நீருக்கு இடமில்லாமல் குட்டநாடு மூழ்கியதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேரளத்தில் ஒரு காலத்தில் 700 சதுர கிலோமீட்டர் கண்டல் காடு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். மிச்சம் இருப்பது சில பத்துச் சதுர கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. கொச்சி நகரின் நடுவே, உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால், மூன்று ஹெக்டேருக்கும் குறைவான மங்களவனம் 2004-இல் பறவைகள் சரணாலயமாகித் தப்பியது. இடக்கொச்சியிலேயே, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காயலோரச் சதுப்பில் ஒரு பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கம் கட்டத் திட்டம் வந்தது. கண்டல்கள் அழிக்கப்படுகின்றன என்ற புகார் எழுந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளைச் சுட்டி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறுக்கிட, அரங்கம் எழவில்லை. வடகிழக்கே மரடில் நிலைமை வேறு. கட்டி முடித்து மக்கள் குடியேறிய நான்கு அடுக்ககங்கள் அதே விதிகளை மீறியவை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு அவை காயலோரத்தில் சரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தொடங்குமுன் தடுப்பதற்கும் முடிந்தபின் இடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சில கிலோமீட்டரில் கிடக்கிறது. வீட்டை இழந்த குடும்பங்களையும், மலையாய்க் குவிந்த இடிபாட்டையும் நினைத்தால் முன்னதே மேல் என்பதில் சந்தேகமில்லை.

சில மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்கின்றன. கப்பல்கள் சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் நிரப்பும் தண்ணீரை இன்னொரு துறைமுகத்தில் வெளியேற்றும்போது, அதோடு உயிர்களும் இடம்பெயரும். அமெரிக்கக் கரைகளுக்குச் சொந்தமான ஒரு பழுப்புச் சிப்பி அண்மை ஆண்டுகளில் கேரளக் காயல்களில் கொத்துக்கொத்தாய்ப் பரவியிருக்கிறது. அது வந்த வழி கப்பலாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மீன்கூண்டு, தூண், வலை என்று கிடைத்த எதையும் போர்த்திக்கொள்ளும் அதற்கு மக்கள் வைத்த பெயர் ‘வரத்தன் கக்கா’. வெளியூர்க்காரன் என்று பொருள்.

2024 மே மாதம் பெரியாற்றில் ஏலூர், எடையார் தொழிற்பகுதிக்குக் கீழே மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். தேங்கிக் கிடந்த நீரை மதகு திறந்து ஒரேயடியாக விட்டதால் ஆக்சிஜன் குறைந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வு. விளக்கம் எதுவானாலும், நீர் வரத்தும் போக்குமாக இருந்தால் கரைந்துபோகும் ஒன்று, அடைபட்டுக் கிடந்ததால் நஞ்சானது. இந்தக் காயலின் துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறோம்: போக்குவரத்து அடைபடுகிறது.

இப்போது ஓதம் வீட்டுக்குள் வருகிறது. இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கிப் பகுதிகளில் தாழ்ந்த இடத்து வீடுகளில் மழையே இல்லாத மார்கழி, தை மாதங்களில் கணுக்காலளவு உப்புநீர் நிற்கிறது. காயலின் ஆழம் குறைந்துவிட்டது; ஓதம் பரவி ஓய்வெடுத்த வயலும் ஓடையும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன; கடல்மட்டமும் மெல்ல உயர்கிறது. தண்ணீர் எங்கே போகும்? சுவரின் காரை உதிர்கிறது, கழிப்பறை நிரம்பிவிடுகிறது, வாசல் செடி கருகுகிறது. வீட்டுப் பெண்கள் ஓதம் ஏறிய நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்துவைக்கிறார்கள். தூம்புக்காரர் தொழிலுக்காகப் பார்த்த அதே நாட்காட்டியை இவர்கள் அடுப்பை உயரத்தில் தூக்கிவைப்பதற்காகப் பார்க்கிறார்கள்.

ஆக, பொக்காளி வயல் அரிசிக்கு மட்டுமானதல்ல. ஓதம் வந்து தங்கிப் போகும் முற்றம் அது. இறாலின் தொட்டில் அது. நகரத்தின் வெள்ள வடிகால் அது. இவற்றுக்காக விவசாயிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நெல்லில் அவர் நம்பியிருப்பது பெரும்பாலும் அரிசியின் விலையைத்தான். இடுப்பளவுச் சேற்றில் இறங்கும் இயந்திரம் பரவலாக இல்லை. அறுக்க ஆள் இல்லை, இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். நெல்லில் நட்டம், இறாலில் லாபம் என்றால் ஆண்டு முழுதும் உப்புநீரைத் தேக்கி இறால் மட்டுமே வளர்க்கும் ஆசை வருவது இயல்பு. அப்படிச் செய்த வயலில் அழுக நெல் தாள் இல்லை. தீவனம் வாங்க வேண்டும். நோய் வந்தால் மொத்தமும் போகும். பக்கத்து வயலுக்கும் உப்பு கசியும். அதனால்தான் ‘ஒரு நெல்லும் ஒரு மீனும்’ என்ற விதியைக் கேரள அரசு வைத்திருக்கிறது. 2008-இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. விதி காகிதத்தில் இருக்கிறது. வயலில் நெல் இல்லை. நெல் நடுபவருக்கு அந்த நிலம் செய்யும் மற்ற வேலைகளுக்கும் சேர்த்து ஆண்டுதோறும் போதுமான ஒரு தொகை தருவதுதான் அரசு செய்ய வேண்டியது. மரடு அடுக்ககங்களை இடிக்கச் செலவிட்ட பணத்தையும், வெள்ள நிவாரணத்துக்கு ஆண்டுதோறும் போகும் பணத்தையும் பார்க்கும்போது அது பெரிய தொகையாக இருக்காது.

கொச்சிக்குப் போகும் தமிழ் வாசகர்கள் சீன வலையைப் படம் எடுத்துவிட்டு, கடைகளில் பொக்காளி அரிசி இருக்கிறதா என்று கேளுங்கள். தடித்த, சிவந்த மணி. உப்பு வயலில் மருந்தில்லாமல் விளைந்தது. விலை சற்றுக் கூடுதல்தான், வாங்குங்கள். கேட்பவர்கள் கூடினால், இப்போது தரிசாகக் கிடக்கும் வயல்களில் சிலவற்றிலாவது வரும் இடவப்பாதிக்கு விதை விழும்.